கெண்டையைக் கையில் எடுப்பதற்கு முன்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கை மாற்றாமல், படிக்க வசதியாகக் கொஞ்சம் தொகுத்திருக்கிறோம்.)

போன எபிசோடில், இங்கிலாந்து ஏரிக்கரைகளில் கெண்டைக்காக இரண்டு நாள், மூன்று நாள் கூடாரம் அடித்துக் காத்துக் கிடக்கிறவர்களைப் பற்றிப் பேசினேன் இல்லையா, அதுக்கு வந்த மெசேஜ்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். "அண்ணா, அவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடிச்சதை ஏன் திரும்பத் தண்ணியிலேயே விடறாங்க? குழம்பு வைக்கலாம்ல?"

வைக்கலாம். போலந்திலும் செக் நாட்டிலும் டிசம்பர் 24 ராத்திரி விருந்தில் கெண்டைதான் நடுநாயகம். இந்தியாவிலும் சாதாக் கெண்டை சாப்பாட்டு மீன்தான். ஆனா இங்கிலாந்தில் அதுக்கு வேறொரு வாழ்க்கை அமைந்துவிட்டது. 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர், ஹியர்ஃபோர்ட்ஷயர் பகுதியில் ரெட்மயர் என்ற சின்னக் குளத்தில் 44 பவுண்டு கெண்டை ஒன்றைப் பிடித்தார். நம்ம கணக்கில் 20 கிலோ. அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத எடை. அவர் அதைக் கொல்லவில்லை. லண்டன் மிருகக்காட்சி சாலைக்குத் தகவல் சொல்ல, அவர்கள் வந்து உயிரோடு கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடித் தொட்டியில் 1971 வரைக்கும் அது இருந்தது. பிடிபட்ட பிறகு 19 வருஷம்!

இன்றைக்கு இங்கே பேர் பெற்ற ஏரி ஒவ்வொன்றிலும் பெரிய மீன்களுக்குப் பெயர் உண்டு. கென்ட் பகுதியில் ஆஷ்ஃபோர்டு ஊருக்குப் பக்கத்தில் கானிங்புரூக் ஏரியில் 'டூ டோன்' என்று ஒரு கெண்டை இருந்தது. உடம்பில் இரண்டு நிறம், அதனால் அந்தப் பெயர். 67 பவுண்டு 14 அவுன்ஸ், கிட்டத்தட்ட 31 கிலோ. பிரிட்டனின் சாதனை எடையாக அது இருந்தது. 2010ல் அது செத்தபோது வயது 45 இருக்கும் என்றார்கள். பீட்டர்பரோ பக்கம் புளூபெல் ஏரிகளில் 'பென்சன்' என்று இன்னொன்று. 2009ல் செத்தது. அதற்கு முன்னால் 60 தடவைக்கு மேல் பிடிபட்டிருக்கும் என்று சொல்வார்கள்.

இந்த 60 என்ற எண்ணை மட்டும் மனசில் வைங்க. இன்றைக்குப் பேசப்போவது முழுக்க அதைப் பற்றித்தான். ஒரே மீன், 60 தடவை, பெரும்பாலும் 60 வேற வேற ஆட்கள். அதில் 59 பேர் ஒழுங்காகக் கையாண்டு, ஒரே ஒருத்தர் கரையில் சிமெண்ட் தரையில் போட்டுவிட்டால் போதும், கதை முடிந்தது. நான் இங்கே தெற்கு இங்கிலாந்தில் ஒரு சின்னத் தூண்டில் கிளப்பில் வார இறுதிகளில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் மாஸ்டர்ஸ் படிக்க வந்த நம்ம ஊர்ப் பசங்க இருப்பாங்க, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பாங்க, பக்கத்துத் தெரு வெள்ளைக்காரப் பொடிசுகளும் இருப்பாங்க. எல்லாரும் முதல் நாள் கேட்பது, "எப்படிப் பிடிக்கிறது?" நான் அதுக்குப் பதில் சொல்வது மத்தியானத்துக்கு மேல்தான். காலையில் முழுக்க, பிடித்த பிறகு என்ன செய்வது என்ற பாடம். கொட்டாவி விடுவாங்க. பரவாயில்லை.

முதலில் கெண்டையின் உடம்பைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். மீனைத் தொட்டால் வழுவழுன்னு இருக்கும் இல்லையா? மீன் கழுவும்போது நம்ம வீட்டில் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து எடுக்கிற அதே வழுவழுப்பு. சமையலறையில் அது அழுக்கு. மீனுக்கு அதுதான் தோலுக்கு மேல் தோல். நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு, வெளியே இருக்கும் தண்ணீரை விட அதிகம். அதனால் தண்ணீர் ஓயாமல் உள்ளே புகப் பார்க்கும். செதிலும் தோலும் இந்த வழுவழுப்பும் சேர்ந்து அதைத் தடுக்கின்றன. அதோடு கிருமிகளை அழிக்கும் பொருட்களும் அந்த வழுவழுப்புக்குள்ளேயே இருக்கு. காய்ந்த கை, காய்ந்த துண்டு, வெயிலில் சுட்ட பிளாஸ்டிக் விரிப்பு, எது பட்டாலும் அது உரிந்து வந்துவிடும். அந்த இடத்தில் பஞ்சு ஒட்டினது மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கலாம். நீங்க விட்ட அன்னிக்கு மீன் ஜம்முன்னு நீந்திப் போகும். பத்து நாள் கழித்து என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. புதியவர்களுக்குப் புரிய வைப்பதில் இதுதான் கஷ்டமான இடம். தப்பு செய்தவர் கண்ணுக்கு விளைவு தெரியாது.

அடுத்தது செவுள். தண்ணீருக்குள் அது மெல்லிய இதழ் இதழாகப் பிரிந்து நிற்கும். வெளியே எடுத்தால் அந்த இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரமான புத்தகப் பக்கங்கள் ஒட்டிக்கொள்கிற மாதிரி. அதற்கு முன்னால் பத்து நிமிஷம் தூண்டிலோடு மல்லுக்கட்டி, தசையெல்லாம் லாக்டிக் அமிலம் ஏறி, மூச்சு ரொம்பத் தேவைப்படுகிற நேரத்தில்தான் நாம அதை வெளியே எடுக்கிறோம். நூறு மீட்டர் ஓடி முடித்த ஆளின் மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு, "சார், ஒரு போட்டோ" என்று கேட்கிற மாதிரி.

இன்னொரு விஷயம், கெண்டையின் வாயில் பல் கிடையாது. பல் இருப்பது தொண்டைக்குள். நத்தையை உடைக்க அம்மிக்கல் மாதிரித் தட்டையான பற்கள். அதனால் முள்ளை எடுக்க வாயில் விரல் வைக்கப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது முதுகுத் துடுப்பின் முதல் முள்ளுக்குத்தான். அதன் பின்பக்கம் அரிவாள்மணைக் கருக்கு மாதிரிப் பல் பல்லாக இருக்கும். உங்க கையையும் கிழிக்கும், அதைவிட முக்கியம், வலையின் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். தெரியாமல் இழுத்தால் துடுப்பு கிழியும்.

சரி, இப்போ கரைக்கு வருவோம். என் காரில் எப்பவும் ஒரு 10 கிலோ பொன்னி அரிசி மூட்டை இருக்கும். "அண்ணா, இங்கயே சமைக்கப் போறோமா?"ன்னு கேட்காத ஆள் இல்லை. இங்கே 20 பவுண்டு கெண்டை என்றால் ஓரளவு நல்ல மீன், அது 9 கிலோ. ஒரு வயசுக் குழந்தையின் எடை. அதனால் அரிசி மூட்டையைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டி, ஈரமாக்கி, அதுதான் மீன் என்று சொல்லிவிடுவேன். அதை வலையில் வாங்கணும். வலையோடு தூக்கி மெத்தையில் வைக்கணும். தூளிக்கு மாற்றி எடை போடணும். முட்டி போட்டுத் தூக்கிப் போட்டோவுக்குக் காட்டணும். திரும்பத் தண்ணீர் ஓரம் கொண்டுபோகணும். மூன்று தடவை எல்லாரும் செய்யணும். அரிசி துள்ளாது, அதனால் நடுவில் நானே வந்து முழங்கையைத் தட்டிவிடுவேன். மூட்டை மெத்தையில் விழுந்தால் பாஸ். புல்லில் விழுந்தால் மறுபடி.

இந்த ஒத்திகையில் அவர்களே கண்டுபிடிக்கிற விஷயங்கள்தான் சுவாரஸ்யம். கோயம்புத்தூர் பொண்ணு ஒருத்தி, "அண்ணா, மெத்தை தண்ணியிலேர்ந்து பன்னெண்டு அடி தள்ளி இருக்கு, எதுக்கு நடக்கணும்?" என்று கேட்டு, அதை இழுத்து வலைக்குப் பக்கத்தில் போட்டாள். சரியான கேள்வி. இன்னொருத்தன் முட்டி போட்டதும்தான் கவனித்தான், இடுக்கி பைக்குள்ளே, பை கூடாரத்துக்குள்ளே. நிஜ மீன் மெத்தையில் கிடக்கும்போது ஒருத்தர் கூடாரத்துக்குள் தலையை விட்டு இடுக்கி தேடுகிற காட்சியை நான் பல ஏரிகளில் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்றரை நிமிஷம் மீன் கணக்கில் ரொம்பப் பெரிசு.

அதனால் தூண்டில் வீசுவதற்கு முன்பே இவ்வளவும் தயார். நல்ல தடிமனான மெத்தை, முடிந்தால் நாலு பக்கமும் சுவர் வைத்த தொட்டில் மாதிரி இருப்பது. ஒரு வாளி ஏரித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் கிடையாது. இடுக்கி. எடைத் தூளி, அதை நனைத்துத் தராசில் மாட்டிப் பூஜ்யம் வைத்தாச்சு. புண்ணுக்குப் போடும் மருந்து, கெண்டைக்கென்றே கடையில் விற்பது. கையில் வாட்ச், மோதிரம், வளையல் கழற்றியாச்சு. ஜாக்கெட் ஜிப் உள்பக்கம். போன் எடுக்கப் போவது யார் என்று முடிவாகிவிட்டது. தனியாக வந்திருந்தால் ஸ்டாண்டில் போன் நின்று, சட்டகம் பார்த்தாச்சு.

மீன் மாட்டியதும் எல்லாருக்கும் கை நடுங்கும். எனக்கும் இன்னும் நடுங்கும், அது போகவே கூடாதுன்னுதான் ஆசை. ரீலின் இறுக்கத்தைச் சரியாக வைத்து, மீன் ஓடும்போது விட்டு, நின்றால் வாங்கி, மிதமாகவும் சீக்கிரமாகவும் கொண்டுவரணும். சினிமா மாதிரி அரை மணி நேரப் போராட்டம் என்று பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. மெல்லிய தங்கூசி நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பது திறமை என்று நினைக்கிறார்கள். மீன் செத்துப்போகிற அளவுக்குக் களைத்துப்போவதில் என்ன திறமை?

வலையைத் தண்ணீருக்குள் முன்னாடியே அமிழ்த்தி வைத்து, மீனை அதன் மேல் வழிநடத்தணும். மீனைத் துரத்திக்கொண்டு வலையை வீசக் கூடாது. உள்ளே வந்ததும் அவசரம் முடிந்தது. இதை நான் கத்திச் சொல்வேன், ஏன்னா அந்த நிமிஷத்தில்தான் ஆட்கள் உடனே தூக்கப் பார்ப்பாங்க. மீன் வலைக்குள், தண்ணீருக்குள், நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கட்டும். நீங்களும் வாங்குங்க. மெத்தையில் வாளித் தண்ணீரை ஊற்றுங்க. நரம்பை அறுத்துவிட்டு ராடை ஒதுக்கி வைங்க. இடுக்கி எங்கேன்னு இன்னொரு தடவை பாருங்க. முடிந்தால் வலைக்குள் வைத்தே முள்ளைக் கழற்றிடலாம். தூக்கும்போது கைப்பிடியைப் பிடித்து நெம்பக் கூடாது. வலையைச் சட்டத்திலிருந்து பிரித்து, துணியை உருட்டிச் சுருட்டி, துடுப்புகள் உடம்போடு ஒட்டிப் படுத்திருக்கின்றனவா, முதுகு முள் கண்ணியில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கையால் நேராக மேலே தூக்கணும். 9 கிலோவுக்கு மேல் என்றால் இன்னொருத்தரைக் கூப்பிடுங்க. பக்கத்துக் கூடாரத்து ஆள் ஓடி வருவார். இந்த விஷயத்தில் இங்கிலாந்துக்காரங்க தங்கம். ராத்திரி மூணு மணிக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு வருவாங்க.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. கெண்டை பிடிக்கிறவர்கள் இப்போது பெரும்பாலும் 'ஹேர் ரிக்' என்ற முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இருவர் 1980 வாக்கில் கண்டுபிடித்தது. இரை முள்ளில் குத்தியிருக்காது. முள்ளிலிருந்து தொங்குகிற ஒரு மெல்லிய இழையில் கோர்த்திருக்கும். முதலில் நிஜமாகவே தலைமுடியை வைத்துச் செய்து பார்த்தார்கள், அதான் அந்தப் பெயர். மீன் இரையை உறிஞ்சிவிட்டுத் துப்பும்போது வெறும் முள் கீழுதட்டில் பிடித்துக்கொள்ளும். நிறைய மீன் பிடிக்கத்தான் இதைக் கண்டுபிடித்தாங்க, ஆனா மீனுக்கும் இதில் ஒரு நன்மை. முள் தொண்டைக்குள் போவது அபூர்வம்; உதட்டோடு நிற்பதால் கழற்றுவது சுலபம். முள்ளில் எதிர்முள் இருக்கணுமா வேண்டாமா என்பதில் இங்கே முடிவே இல்லாத சண்டை. எதிர்முள் இல்லாதது லேசாகக் கழன்று வரும் என்கிறது ஒரு கட்சி. அது உள்ளே நகர்ந்து நகர்ந்து ஓட்டையைப் பெரிசாக்கும் என்கிறது இன்னொரு கட்சி. நான் அந்தந்த ஏரியின் விதிப்பலகையில் என்ன போட்டிருக்கோ அதைச் செய்யச் சொல்லிவிடுவேன். புதியவர் கையில் எதிர்முள் இல்லாததுதான் நல்லது என்பது என் எண்ணம்.

சண்டையே இல்லாத விஷயம் ஈயக்குண்டு. நரம்பு அறுந்தால் குண்டு தானாகக் கழன்று விழணும். இல்லாவிட்டால் மீன் நூறு கிராம் குண்டை உதட்டில் தொங்கவிட்டுக்கொண்டு, ஏதாவது வேரில் சிக்கி, அங்கேயே கிடந்து சாகும். வீசுவதற்கு முன்னால் குண்டைக் கையால் இழுத்து, கிளிப்பிலிருந்து கழன்று வருகிறதா என்று ஒவ்வொருத்தரும் எனக்குக் காட்டணும்.

மெத்தையில் மீன் கிடக்கும்போது, எடுத்ததும் ஒரு கை தண்ணீர் அதன் மேல். கண்ணை ஈரத்துணியால், இல்லை மெத்தையின் மடிப்பால் மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். முள்ளை எடுத்து, அந்தப் புண்ணில் ஒரு சொட்டு மருந்து. இன்னும் யாரோ விட்ட பழைய காயம், கழன்ற செதில் இருந்தால் அதிலும் ஒரு சொட்டு. பார்த்துப் பார்த்து இதைச் செய்வதில் முதல் இடம் யாருக்கு என்றால், என் வகுப்பில் பன்னிரண்டு வயசுப் பசங்களுக்கு. பெரியவங்க மனசு அப்போது போட்டோவில் இருக்கும்.

போட்டோவுக்கு வருவோம், நகரத்துப் பிள்ளைகள் நமக்கு அதுதானே முக்கியம். எழுந்து நின்று எடுக்கவே கூடாது. முட்டி போட்டு, மெத்தைக்கு மேலே, தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள். ஒரு கை தலைப்பக்கம், முன்துடுப்பு இரண்டு விரலுக்கு நடுவில் வருகிற மாதிரி அடியில் கொடுத்து. இன்னொரு கை வால்பக்கம், அடித்துடுப்புக்குக் கிட்டே. இரண்டு கைக்கும் நடுவில் வயிறு தொய்யாமல் பார்க்கணும். விரல் செவுளுக்குள் போகவே கூடாது. மீனைப் பெரிசாகக் காட்டக் கையை நீட்டுவாங்க பாருங்க, அப்போதான் துள்ளும், அப்போதான் கைநழுவும். துள்ளினால் இறுக்கிப் பிடித்து மல்லுக்கு நிற்காதீங்க. அப்படியே மெத்தையில் இறக்கி, ஈரக்கையால் மேலே மெல்ல அணைத்துக்கொண்டால் போதும். மூன்று கிளிக், பத்து விநாடி, இறக்கித் தண்ணீர் ஊற்று. வேணும்னா இன்னொரு தடவை தூக்கலாம். செல்ஃபி என் வகுப்பில் தடை. ஒரு கையால் கெண்டையைத் தூக்க முடியாது.

விடும்போது தூளியிலேயே தண்ணீருக்குக் கொண்டுபோகணும். கரையிலிருந்து தூக்கிப் போடுவது, சரிவில் உருட்டிவிடுவது, இதெல்லாம் நடக்கும், நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் தூளியைத் தாழ்த்தி, மீன் நிமிர்ந்து நிற்கும்படி தாங்கிக்கொண்டால் போதும். அது எப்போது தயாரோ அப்போது வாலால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும். உங்க மூஞ்சியெல்லாம் தண்ணி. சில சமயம் அரை நிமிஷம், சில சமயம் பத்து நிமிஷம். பாதியில் கையை எடுக்காதீங்க, பக்கவாட்டில் சாய்கிற மீன் இன்னும் தயாராகவில்லை.

வெயில் காலத்தில் இதெல்லாம் இரண்டு மடங்கு. குளிர்ந்த தண்ணீர் ஆக்ஸிஜனை நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும், சூடானது விட்டுவிடும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 11 மில்லிகிராம் வரைக்கும் கரையும். 25 டிகிரியில் 8க்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படுவதும் அந்தச் சூட்டில்தான். சென்னையில் வளர்ந்த நமக்கு 30 டிகிரி என்பது இனிமையான காலை. இங்கே அந்த நாளில் நல்ல கிளப்புகள் ஏரியை மூடிவிடும். மூடாவிட்டாலும் நான் வகுப்பை ரத்து செய்துவிடுவேன். அதேபோல மே, ஜூனில் மீன்கள் கரையோரப் புல்லில் கும்மாளம் போட்டு முட்டையிடும்போதும் ராடு பைக்குள் போய்விடும்.

இரை விஷயத்தில் நம்ம வீட்டுச் சமையல் அறிவு கைகொடுக்கும். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகும். டைகர் நட், கொண்டைக்கடலை மாதிரி கொட்டைகளை ஊறவைக்காமல், வேகவைக்காமல் போட்டால் ஆபத்து. பென்சன் செத்தபோது முதலில் பேச்சு வந்ததே வேகாத டைகர் நட் மேல்தான். அது காரணமில்லை என்றவர்களும் உண்டு. எதுவானாலும், 24 மணி நேரம் ஊறவைத்து, அரை மணி நேரம் வேகவைக்கணும். சுண்டல் செய்யத் தெரிந்தவர்களுக்கு இதில் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு அலுப்பான வேலை, யாருக்கும் பிடிக்காதது: காயவைப்பது. கோய் ஹெர்பீஸ் வைரஸ் என்று ஒன்று இருக்கு. தண்ணீர் 16 டிகிரிக்கு மேல் போனால் நோய் வெளியே தெரியும். ஓர் ஏரியின் கெண்டைகளில் பெரும்பகுதியை அப்படியே கொன்றுபோடும். மனுஷருக்கு ஒட்டாது. மருந்து கிடையாது. பிரிட்டனில் இது வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய். ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு அது ஈர வலையிலும் ஈர மெத்தையிலும் பயணம் செய்யலாம். சனிக்கிழமை ஓர் ஏரி, ஞாயிற்றுக்கிழமை இன்னோர் ஏரி என்று போகிறவர்கள் வலையை வெயிலில் முழுசாகக் காயவைக்கணும், இல்லாவிட்டால் இரண்டு செட் வைத்திருக்கணும். சில ஏரிகளில் வாசலிலேயே கிருமிநாசினித் தொட்டி இருக்கும், முக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவாங்க. அதேபோல ஒரு கெண்டையைப் பிடித்து நம்ம வீட்டுப் பக்கத்துக் குளத்தில் விடலாம் என்று தோன்றினால், கூடாது. அனுமதி இல்லாமல் மீனை இடம் மாற்றுவது இங்கே சட்டப்படி குற்றம்.

இதையெல்லாம் போனில் அப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "குத்துறதும் நீங்க, மருந்து போடுறதும் நீங்க. அதைக் குத்தாமலே விட்டா என்ன?" என்றார். அதுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஸ்விட்சர்லாந்தில் சட்டமே அப்பா கட்சி. விடுவதற்காகவே பிடிப்பது அங்கே மிருகவதைச் சட்டப்படி தடை. ஜெர்மனியிலும் தகுந்த காரணம் இல்லாமல் மீனுக்கு வலி கொடுக்கக் கூடாது; சாப்பாட்டுக்கு என்றால் காரணம், போட்டோவுக்கு என்றால் சிக்கல். இங்கிலாந்து வேற பக்கம் போனது. இந்த ஏரிகளைக் காசு போட்டுக் காப்பாற்றுவதும், தண்ணீர் கெட்டால் முதலில் சத்தம் போடுவதும் பெரும்பாலும் தூண்டில்காரர்கள்தான். அது உண்மை. அதனால் முள் வலிக்காமல் போகாது, அதுவும் உண்மை. நான் இரண்டையும் தெரிந்துகொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போகிறேன். என்னிடம் கற்றுக்கொண்டு, இது எனக்கு ஒத்துவராது என்று ராடை விற்றுவிட்ட ஒரு பையனும் உண்டு. நல்ல மாணவன் அவன்.

ஊரில் இருந்து கேட்கிறவர்களுக்கு ஒன்று. சாதாக் கெண்டை நம்ம நாட்டு மீன் இல்லை. அதன் கண்ணாடிக் கெண்டை வகை 1939ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பிறகுதான் பரவியது. அங்கே அதைப் பிடித்தால் தாராளமாகச் சமையுங்க, பிடித்தவுடன் மண்டையில் ஒரே தட்டில் முடித்துவிடுங்க, துடிக்கவிடாதீங்க. ஆனா நான் சொன்ன ஈரக்கை, மெத்தை, தண்ணீருக்குள்ளேயே வைத்திருப்பது எல்லாம் அட்சரம் பிசகாமல் பொருந்துகிற ஒரு மீன் நம்ம பக்கம் இருக்கு. காவிரியின் கூன்முதுகு மஹ்சீர், கெண்டைக் குடும்பத்தின் ராட்சசன். 1946ல் கபினி ஆற்றில் 120 பவுண்டில், அதாவது 54 கிலோவில் ஒரு மஹ்சீர் பிடிபட்டிருக்கு. கர்நாடகப் பக்கம் காலிபோர், பீமேஸ்வரி முகாம்களில் இந்த மீனைப் பல வருஷம் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்கள். சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று 2012 வாக்கில் அது நின்றது. 2018ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியல் போட்டது. மிச்சம் இருக்கும் சில இடங்களில் நம்ம மோயாறும் ஒன்று. காட்டுக்குள் போய்த் தூண்டில் போடச் சொல்லவில்லை, அது சட்டவிரோதம். வெளியே எங்கேயாவது தற்செயலாக உங்க தூண்டிலில் சிக்கினால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலேயே முள்ளைக் கழற்றிவிடுங்க. போட்டோ வேண்டாம்.

இங்கே இருந்துகொண்டு தொடங்க நினைக்கிறவர்கள் என்ன வாங்கணும்னு கேட்டிருந்தீங்க. 13 வயசுக்கு மேல் எல்லாருக்கும் லைசென்ஸ் வேணும், 16 வரைக்கும் இலவசம், ஆன்லைனில் ஐந்து நிமிஷ வேலை. அப்புறம் கையில் இருக்கிற பணத்தில் முதலில் மெத்தை, பிறகு 42 அங்குல வலை, பிறகு தூளியும் இடுக்கியும். ராடும் ரீலும் கடைசி. பழசு போதும், கிளப்பில் யாராவது சும்மாவே கொடுப்பாங்க, என்னிடமே இரண்டு இருக்கு. அரிசி மூட்டை நான் கொண்டுவருகிறேன்.